டாக்டர் வீட்டு மாலைப்பொழுதுகள்

கால்நடை நோய் ஆய்வுக்கூடத்து டாக்டர் பகலில் எந்த மிருகத்தை அறுத்துப் பார்த்தாரோ, அன்று மாலை அந்த மிருகமாகத்தான் வீடு திரும்புவார். உருவம் மாறாது, குணம்தான் மாறும். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. கல்யாணமான மறுவாரமே அவர் மனைவிக்கு இது தெரிந்துபோயிற்று. ஆட்டைப் பரிசோதித்த நாளில் கதவைக் கையால் தட்டாமல் தலையால் முட்டினார். ஆந்தையைப் பரிசோதித்த நாளில் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் உடம்பு அசையாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று அந்தப் பெண் ஒரு நாள் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்து அவர் ஒரு கிழட்டு நாயை அறுத்துவிட்டு வந்தார். அவள் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து காலடியில் படுத்துக்கொண்டார். பெட்டி மறுபடி பரணுக்கு ஏறியது.

அவள் தையல்காரி. முன்னறையில்தான் மிஷின். துணி கொடுக்க வந்தவர்கள் மூலம் விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாள் வாயைப் பிளந்தார்கள், பிறகு பழகிவிட்டது. இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிற தொனியிலேயே "இன்னைக்கு என்னங்க?" என்பார்கள். "எருமை" என்று அவள் சொன்னால், குளியலறைப் பக்கம் இனி யாரும் போக முடியாது என்று புரிந்துகொண்டு சிரிப்பார்கள். மகளுக்குக் குரங்கு நாள் மேல்தான் ஆசை. அப்பா பின்னால் உட்கார்ந்து பொறுமையாகப் பேன் பார்ப்பார். பள்ளிக்கூடத்திலேயே பேனில்லாத தலை அவளுடையதுதான். இப்போது அந்தத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் யாராவது அதில் கை வைத்தால் கண் சொருகிக்கொண்டு வருகிறது என்கிறாள்.

மழை பொய்த்த ஒரு வருடம் பால்பண்ணை மாடுகள் சரியத் தொடங்கின. முதலில் பின்னங்கால் துவளும். பிறகு நாக்கு வெளியே தொங்கும். அதை உள்ளே இழுத்துக்கொள்ளத் தெம்பிருக்காது. தண்ணீர்த் தொட்டி முன்னாலேயே தாகத்தோடு சாகும். பக்கத்துக் காட்டில் மான்களும் அதே மாதிரி செத்தன. டாக்டர் ஈரல், குடல், மூளை என்று ஒன்று விடாமல் எடுத்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு புண் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. நோயில்லாத உடம்பு எப்படியிருக்கும் என்று அதை வைத்துப் பாடமே நடத்தலாம். பண்ணைக்காரர்கள் பழியைத் தூக்கி மான்கள் மேல் போட்டு, சுடுவதற்கு உத்தரவும் வாங்கிவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றார். "கொட்டில்ல பாதி காலி டாக்டர். மானைச் சுட எனக்கு மட்டும் ஆசையா? சுட வேண்டாம்னா அதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க, போதும்" என்றார்.  டாக்டர் அடுத்த மாட்டை அறுக்கக் கத்தியை எடுத்தார்.

அந்த நாட்களில் வீட்டில் மாலையானால் மாடு, இல்லாவிட்டால் மான். ஒரு காலையில் அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாடுன்னா மாடு மாதிரி இருக்கணும். கீரைக்கட்டு வெச்சேன், திரும்பிக்கூடப் பார்க்கலை. பொத்தான் டப்பாவைக் கவுத்து மென்னு தின்னிருக்கீங்க."

"பொத்தானையா?"

"பிளாஸ்டிக்கை எல்லாம் துப்பிட்டீங்க. ஒரு பழைய கோட்டுக்குன்னு எடுத்து வெச்சிருந்த எலும்புப் பொத்தான் இருந்துதே, அதுல ஒண்ணுகூட மிச்சமில்லை. முந்தாநாள் மானா வந்தப்பவும் அதுக்குத்தான் டப்பாவை முட்டிக்கிட்டே இருந்தீங்க. கோட்டுக்காரருக்கு இப்ப நான் என்ன பதில் சொல்றது?"

டாக்டர் வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் கிளம்பினார். மேய்ச்சல் நிலத்தில் மாடுகளின் பின்னாலேயே நடந்தார். காய்ந்த புல்லில் சத்தில்லாமல் போனதால் அவை செத்த மிருகங்களின் எலும்பைத் தேடிப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தன. காட்டோரத்தில் மான்களுக்கும் அதே வேலை. எலும்பில் ஒட்டி அழுகியிருந்த சதையில் நஞ்சு. நரம்பைத் துவளவைத்துக் கொல்லுமே தவிர, கத்திக்கு அகப்படுகிற மாதிரி எந்த உறுப்பிலும் தடம் விடாத நஞ்சு. ஊரே திரண்டு எலும்பு பொறுக்கி எரித்தது. கொட்டிலிலும் காட்டோரத்திலும் நக்குவதற்குத் தாது உப்புக் கட்டிகளை வைத்தார்கள். சாவு நின்றது. துப்பாக்கிகள் வந்த வழியே திரும்பிப் போயின. மூத்த பண்ணைக்காரர் ஒரு டப்பா நிறைய எலும்புப் பொத்தான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இது எனக்கா, அவருக்கா?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி.

வருடங்கள் ஓடின. ஓய்வுபெற்ற பிறகு டாக்டர் மாலையிலும் மனிதராகவே இருந்தார். "ஒரு காடே இருந்த வீடு. இப்ப ஒத்தை ஆளா உக்காந்திருக்கார்" என்று அவள் மகளிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பொழுது போகாதபோது அவருடைய பழைய மாலைகளை அவருக்கே கதையாகச் சொல்வாள். "நிஜமாவா? நானா?" என்று அவர் வியந்து வியந்து கேட்பார். கிழட்டு நாயின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். பரண் பெட்டியைப் பற்றி மட்டும் அவள் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஒரு விடியலில் டாக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார். வேறு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளே அவரைக் குளிப்பாட்டினாள். ஒவ்வொரு விரலாக எடுத்துத் துடைத்தாள். எல்லாம் முடிந்து உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாலையில், அவள் உள்ளறையிலிருந்து வந்து அவருடைய நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள். இல்லாத சட்டைப் பையைத் தடவி மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன, எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க?" என்றாள். உறவினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மகள் எழுந்துபோய், சர்க்கரை போடாத டீயை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "சூடா இருக்குப்பா, மெதுவா குடிங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கன்றுக்குட்டி நேற்றிலிருந்து சரியாகப் பால் குடிப்பதில்லை என்று சொல்லத் தொடங்கினார்.