எப்படிப் படுத்தாலும் குறையாத வலி

லாரி ஓட்டியே அறுபத்தெட்டு வயதைத் தொட்டவர் அவர். முதுகுவலி அவருக்குப் பழைய சிநேகிதம். ஆனால் அன்று காலை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மச்சினியின் பிசியோதெரபி அறைக்குள் வந்தார்.

"என்னம்மா எலும்பு டாக்டர், நாலு அமுக்கு அமுக்கி விடு. மத்தியானம் லோடு ஏத்தணும்."

மச்சினி அவரைக் கட்டிலில் படுக்கவைத்தாள். ஒருக்களித்தார், முழங்காலை மடக்கினார், எழுந்து உட்கார்ந்தார். எப்படி இருந்தாலும் வலி அப்படியே நின்றது. தசைப்பிடிப்பு என்றால் ஏதாவது ஒரு நிலையில் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும். முதுகெலும்பை ஒட்டி அழுத்திப் பார்த்தாள், எங்கேயும் நோகவில்லை. மின்விசிறிக்கு நேர்கீழேயும் அவருக்கு வியர்த்து ஊற்றியது.

"எப்ப ஆரம்பிச்சுது மாமா?"

"பல்லு தேய்க்கும்போது, சுரீர்னு. எழுந்து நின்னா கண்ணை இருட்டுது."

மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் மெதுவாகக் கையை வைத்தாள். தொப்புளுக்கு மேலே ஏதோ ஒன்று நாடிபோலத் துடித்து அவள் விரல்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். மாமா விடாமல் பிடித்த சிகரெட்டும், அடங்காத ரத்த அழுத்தமும், வயிற்றுவலி என்று படுத்த அன்றே அவருடைய அண்ணன் இறந்துபோனதும் நினைவுக்கு வந்தன.

"அக்கா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வயித்துக்குள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசியுதோன்னு பயமா இருக்கு."

"முதுகுவலிக்கு ஆம்புலன்ஸா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும். நீங்க இந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது."

அவசரப் பிரிவில் மச்சினி சொன்னதைக் கேட்டதும் டாக்டர் அங்கேயே ஸ்கேன் வைத்துப் பார்த்தார். அவள் பயந்ததுதான். உடனே ஆபரேஷன், பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். மாமாவின் முகம் வெளிறியது.

"கத்தி வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு."

அக்கா குனிந்து அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வந்து என்ன செய்வீங்க? சாவீங்க. உள்ள போங்க. வெளிய வந்து என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

கிழிந்த குழாய்க்குப் பதில் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். சிறுநீரகம் படுத்தியது, சளி கட்டியது. பல வாரம் கழித்துத்தான் பாதி உடம்பாக வீடு திரும்பினார். முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், இது கூடப் பொறந்தவங்களுக்கும் வருமாம். போய் வயித்தை ஸ்கேன் பண்ணு."

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, அண்ணா."

"இல்லைன்னு டாக்டர் சொல்லட்டும். கிளம்புடா."

தம்பிக்கும் வீக்கம் இருந்தது. சின்னதுதான். சிகரெட்டை விடச் சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள்.