தோல்முட்டைக் காலை

எங்கள் தெருவுக்கான காலையை என் கோழிதான் இடுகிறது. மூன்று நாளாக அது தோல்முட்டையாக வருகிறது. ஓடு இல்லாத காலை. தொட்டால் குழைகிறது. நேற்று பால்காரர் தும்மியதில் ஒன்பது மணிக்கே உடைந்து வழிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாவாயி அக்கா வந்தார். அவர் மகளுக்கு நாளைக் காலை முகூர்த்தம்.

"மேளம் அடிச்சாத் தாங்குமா தம்பி?"

"தாங்காதுங்கக்கா."

"அப்ப நாளைக்கு ஓட்டோட வரோணும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

தீவன அலுவலகத்துக்குப் போனேன். கோழியின் வயதில் வாரத்துக்கு ஒரு ஜன்னல். என் கோழிக்கு நாற்பது வாரம். குஞ்சுத் தீவன ஜன்னலைத் தாண்டும்போது நான் முழங்கால் உயரம்தான் இருந்தேன். வளர்தீவனத்துக்குப் பக்கத்தில் மீசை முளைத்தது. நாற்பதாவது ஜன்னலில் அலுவலர் மேசைமேல் குந்தியிருந்தார். என் விண்ணப்பத்தை வாங்கி அடியில் வைத்து அடைகாத்தார்.

"பொரிக்க இருபத்தொரு நாள் ஆகுமுங்க."

"நாளைக்கு முகூர்த்தமுங்க."

சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் இருபத்தொரு தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டார். நாளை இன்னும் நாளையாகவே இருந்தது.

"என்ன தீனி போடறீங்க?"

"ரெண்டு மாசமாக் கறிக்கோழித் தீவனமுங்க. நல்லாத் தின்னு தெம்பா இருக்கட்டும்னு."

பேனாவை மூடினார். "பாசத்துல போட்டிருக்கீங்க. அதுல சதைதான் வைக்கும். முட்டைக்கோழிக்குச் சுண்ணாம்பு வேணுமுங்க."

"இத்தனை நாள் ஓடு போட்டுதுங்களே?"

"தன் எலும்பைக் கரைச்சுப் போட்டிருக்குது. இப்ப அதுவும் தீந்துபோச்சு."

இரண்டு மாதமாக அந்த எலும்பின் வெளிச்சத்தில்தான் பல் தேய்த்திருக்கிறேன். பேப்பர் படித்திருக்கிறேன். வெயில் போதவில்லை என்று குறைகூடச் சொன்னேன்.

முட்டைத் தீவனம் ஒரு மூட்டையும் சுண்ணாம்புக்கென்று தனியாக ஒரு கிண்ணம் கிளிஞ்சலும் கொடுத்தார்.

"கிளிஞ்சல் எவ்வளவு போடோணுமுங்க?"

"நீங்க போடக் கூடாது. பக்கத்துல வெச்சுட்டு நகந்துக்கோங்க. எவ்வளவுன்னு அதுக்குத் தெரியும்."

சாயங்காலம் வைத்தேன். கோழியால் நிற்க முடியவில்லை. படுத்தபடியே கொத்தியது. ஒவ்வொரு கொத்துக்கும் தெருவில் ஓர் அலை அடித்தது. எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு எட்டு மணி நேரப் பயணம். பாதிக் கிண்ணத்தில் தலையைத் திருப்பிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் தின்னச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காலை வந்தது. பாவாயி அக்கா விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது. மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். கெட்டிமேளம் முழங்கியது. காலையில் ஒரு கீறல் விழவில்லை.

எல்லோரும் பந்தலைப் பார்த்தார்கள். நான் கோழியின் கால்களைப் பார்த்தேன். தள்ளாடி எழுந்தது. நின்றது. மறுபடி கிண்ணத்துக்கு நடந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை. அதற்குள் நாளைக்கான வேலையை ஆரம்பித்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு, நகர்ந்து நின்றேன்.