முரோய் டிக் அடித்த கட்டம்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது நகராட்சி. யாருடைய சம்பளத்தில் எவ்வளவு குடியிருப்பு வரி பிடிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் மே மாதத்தில் எங்கள் நிறுவனத்துக்கு எழுதுவார்கள். ஜப்பானின் ஒகயாமாவில் நான் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். லென்ஸ் தேய்க்கும் முரோயின் வரி அவர் சம்பளத்துக்கு மீறி அதிகமாக இருந்தது. அப்படியென்றால் வேறெங்கோ வேலை பார்க்கிறார். எங்கள் நிறுவனத்தில் அது தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை தூறிய ஒரு மாலையில் முரோய் குடையை மறந்து

(வரிக் கதைக்கு மழை எதற்கு.)

பிறகு அவருக்குப் படுத்த படுக்கையாக ஒரு மனைவியைக் கொடுத்துப் பார்த்தேன். வாசகர் உடனே இரங்கிவிடுவார் என்பதால் எடுத்துவிட்டேன். உண்மையில் முரோய் தனிக்கட்டை. மாலையில் ஒரு பெந்தோ கடையில், டப்பாவில் சாப்பாடு கட்டி விற்கும் கடையில், சோறு கட்டுகிறார்.

3

மாடிப்படியில் நிறுத்தி விசாரித்தேன்.

“ரெண்டாவது வேலைக்கு நானே வரி கட்டிக்கிறேன்னு வரிப் படிவத்துல இருக்கற கட்டத்துல டிக் அடிச்சேனே, நெமோத்தோ சான்.”

“அந்தக் கட்டம் சம்பளம் இல்லாத வருமானத்துக்கு. கடையில சம்பளமாத்தானே குடுக்கறாங்க? ரெண்டு வரியையும் சேர்த்து நகராட்சியில இங்கதான் அனுப்புவாங்க.”*

கடையை விட்டுவிட்டால் கெஞ்சிக் கூத்தாடியாவது வேலையைக் காப்பாற்றலாம் என்றேன்.

“இங்க யாரும் எங்கிட்ட பேசறதில்ல. அங்க, ‘முரோய் சான், சோத்தை அமுக்காதீங்க’ன்னு திட்டவாவது செய்றாங்க. விட மாட்டேன்.”

இந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது.

* இந்தக் கதைக்குப் பணம் வந்தால் அது என் இரண்டாம் வருமானம். எழுத்துக்கூலி சம்பளமாகாது. எனக்கு அந்தக் கட்டம் ஒழுங்காக வேலை செய்கிறது. நான் கதை எழுதிச் சம்பாதிப்பது நிறுவனத்துக்கு இன்றுவரை தெரியாது.

4

கதைக்குச் சாத்தியமான முடிவுகள்:

(அ) முரோய் வேலையை இழந்து கடையிலேயே சிரித்தபடி வாழ்கிறார். அந்தக் கூலி வாடகைக்கே காணாது.

(ஆ) நகராட்சி தவறு செய்துவிட்டது என்று சொல்கிறேன். மேலாளர் உடனே நகராட்சிக்குப் போன் போட்டுக் கேட்பார்.

(இ) நானும் இத்தனை வருடங்களாக இரண்டாவது வேலை பார்க்கிறேன், என்னையும் சேர்த்து

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பயமாக இருக்கிறது.)

5

மேலாளர் கொமியாமா என் மேசையருகே வந்து நிற்கிறார்.

“என்ன நெமோத்தோ, முரோய்க்கு மட்டும் வரி ஏன் ஏறியிருக்கு?”

வாயைத் திறந்துவிட்டேன். எனக்குக் கதை கட்ட மட்டும்தான் தெரியும். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், அவர் காத்திருக்கிறார்.