மெக்னீசியம் எரிந்த நாள்

தினேஸ்வரி ஈப்போ பள்ளியில் சேர்ந்து சில மாதங்களாகியும் வகுப்பில் அவள் குரலைச் சரியாகக் கேட்டவர்கள் இல்லை. முன்பு இருந்த ஆயர் தாவார் ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த அவர்களுடைய பலகை வீடு மின்கம்பி பழுதாகி எரிந்துபோனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அவளும் அம்மாவும் ஈப்போவில் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நான்காம் படிவ வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கலாதேவி டீச்சர் அவளைச் சக்கீனாவோடு சேர்த்துவிட்டார். சக்கீனா சாப்பாட்டுக் கடைக்காரர் மகள், வாய் ஓயாதவள். பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பாள். தினேஸ்வரிக்கு அதுவே வசதியாக இருந்தது.

அன்று மெக்னீசியம் ஆக்சைடின் வாய்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மெக்னீசியம் நாடாவைத் தேய்த்துச் சுத்தம் செய்து நிறுத்தார்கள்: 0.24 கிராம். அதைச் சுருட்டி ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மூடி, அடியில் தீ வைக்க வேண்டும். அவ்வப்போது மூடியை லேசாகத் தூக்கினால் காற்று உள்ளே போகும். சட்டென்று மூடாவிட்டால் உண்டாகும் ஆக்சைடு வெள்ளைப் புகையாக வெளியேறிவிடும்.

“தீய நான் பாத்துக்கிறேன், நீ மூடிய தூக்கு. ஈசிலா,” என்றாள் சக்கீனா.

தினேஸ்வரி இடுக்கியால் மூடியைத் தூக்கினாள். கண்கூசும் வெளிச்சத்தோடு நாடா பற்றிக்கொண்டது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. புகை குபுகுபுவென்று எழுந்தது.

“மூடு, மூடு!” என்று கத்திய சக்கீனா, அவள் முகத்தைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தினாள். இடுக்கியைப் பிடித்திருந்த விரல்கள்மேல் தன் கையை வைத்து மூடியை மெதுவாக இறக்கினாள்.

ஆறிய பிறகு நிறுத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று சேர்ந்திருந்தால் 0.40 வந்திருக்க வேண்டும். 0.36தான் வந்தது. கூடியிருந்த 0.12 கிராம் ஆக்சிஜன். அதைப் பதினாறால் வகுத்தால் 0.0075 மோல். மெக்னீசியம் 0.24ஐ இருபத்துநாலால் வகுத்தால் 0.01 மோல்.

“நாலு மெக்னீசியத்துக்கு மூணு ஆக்சிஜனா? அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது,” என்ற சக்கீனா குரலைத் தாழ்த்தினாள். “0.40ன்னு எழுதிருவோம். ஒனக்கு ஏன் பேச்சு வாங்கித் தரணும்?”

“வேணாம்,” என்றாள் தினேஸ்வரி. “பொகை போயிருச்சு. நான்தான் மூடல. அதையே எழுதுவோம்.”

அவள் இவ்வளவு பேசிச் சக்கீனா கேட்டதில்லை. மறுபேச்சில்லாமல் எழுதினாள்.

மணி அடித்து மற்றவர்கள் கிளம்பியபோது டீச்சர் அவர்கள் நோட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “கணக்கு சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஏன் மூட முடியலம்மா?”

“நெருப்பு பாத்தா பயம் டீச்சர். எங்க வீடு எரிஞ்சிருச்சு.”

டீச்சர் நோட்டை மூடிவைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்குத் தெரியாமப் போச்சே. மறுபடி செய்யணும்னு இல்ல. மார்க் கொறையாது. ஒனக்கு வேணும்னா செய்யலாம்.”

தினேஸ்வரி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “செய்றேன்.”

“நானும் இருக்கேன். பசியாறப் போகாட்டி என்னலா,” என்றாள் சக்கீனா.

இந்த முறையும் நாடா 0.24 கிராம்தான். தினேஸ்வரியின் இடது கையைச் சக்கீனா இறுகப் பிடித்துக்கொண்டாள். “இப்ப தூக்கு… மூடு.” வெளிச்சம் மின்னி மறைந்தது. “தூக்கு… மூடு.” மூடி ஒவ்வொரு தடவையும் இறங்கியது. முடிந்ததும் தினேஸ்வரியே தீயை அணைத்தாள்.

ஆறிய பிறகு நிறுத்ததில் 0.39 கிராம். ஆக்சிஜன் 0.15, ஏறக்குறைய 0.0094 மோல். ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லிவிடலாம்.

“வந்திருச்சு!” சக்கீனா துள்ளினாள். டீச்சர் தினேஸ்வரியின் தோளைத் தட்டிவிட்டு, அவர்களை இருக்கவிட்டு வெளியே போனார்.

தினேஸ்வரி கிண்ணத்தைத் துடைத்தபடி திடீரென்று சொன்னாள், “எங்க வீட்ல ஒரு பூனை இருந்துச்சு. அன்னைக்கி ஓடிப்போனது, அப்புறம் வரவே இல்ல.”

“என்ன கலரு?”

“ஆரஞ்சு. வாலு மட்டும் வெள்ள.”

“பேரு?”

“சீனி,” என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சக்கீனா தன் முக்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, “சொல்லு,” என்றாள்.