நிரையில் சிரிக்கக் கூடாது

மஞ்சூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் சுடலைமணி மேஸ்திரி போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கொழுந்து கிள்ளும்போது நிரையில், அதாவது செடி வரிசையில், யாரும் சிரிக்கக் கூடாது. வாய் சிரித்தால் கை முற்றின இலையையும் சேர்த்துக் கிள்ளும் என்பது அவர் கட்சி. தூரத்தில் பெண்கள் கலகலப்பது கேட்கும். அவர் குடை தெரிந்ததும் கப்பென்று அடங்கிவிடும். அதில் மனுஷனுக்கு ஒரு பெருமை வேறு. அவர் மனைவி ஆயம்மாளும் அதே நிரையில்தான் கிள்ளினாள். வீட்டிலும் அவள் சிரித்ததில்லை. அது அவள் சுபாவம் என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஆயம்மாள் நிமோனியா கண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் படுத்து இன்றோடு ஐந்து நாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டாள். ஊசியெல்லாம் போட்டாயிற்று. ஊதச் சொல்லி பலூன் கொடுத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் சளி கிளம்பாவிட்டால் கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டும், மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்குகிறவரை இந்த மூச்சு தாங்குமா என்பது சந்தேகம் என்றார் டாக்டர்.

"எப்படியாவது சிரிக்க வைங்க மேஸ்திரி. சிரிச்சா நெஞ்சு விரியும், இருமல் தானா வரும்."

மலையைத் தூக்கச் சொல்லியிருந்தால்கூட முயன்று பார்த்திருப்பார். இவளை எது சிரிக்க வைக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. வாசலில் கஞ்சியோடு நின்ற தங்கமணியிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். அவள் ஆயம்மாளுக்குப் பக்கத்து நிரைக்காரி. தரையைப் பார்த்தபடி நின்றவள் கடைசியில் சொல்லிவிட்டாள்.

"அக்காதானுங்க எங்களையெல்லாம் சிரிக்க வெக்கிறது. உங்களாட்டவே நடந்து காட்டுவாங்க. நேத்து நான் செஞ்சு பாத்தேனுங்க, கண்ணே தொறக்கல."

வேறொரு நாளாக இருந்தால் அவளுக்கு அன்றைக்கு வேலை இருந்திருக்காது. இன்றைக்கு அவர் "எப்பிடி, காட்டு" என்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு தரம் செருமி, இலையை மோந்து பார்த்து, 'இது கொழுந்தா, மாட்டுத் தீனியா?' என்று கேட்க வேண்டுமாம். பரீட்சைக்குப் படிக்கிற பையனைப் போலக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டார்.

கட்டிலருகே போய் நின்று குடையை இடுக்கினார். செருமினார். ஆயம்மாள் கண்ணைத் திறந்தாள். அவருடைய கெட்ட நேரம், தினமும் செய்கிறதைத்தானே அவர் செய்தார்? அவள் பதறிப்போய் எழப் பார்த்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வந்தர்றேனுங்க."

அந்த ஒரு வார்த்தையில் சுடலைமணிக்கு உயிரே போய்விட்டது. இருபது வருஷம் இவளுக்குப் புருஷனாக இல்லை, மேஸ்திரியாகத்தான் இருந்திருக்கிறோம் என்று நெஞ்சு வெந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. மறுபடி செருமினார், பாதியில் அது விம்மலாகிப்போனது. மோந்து பார்க்க இலை இல்லை. அவசரத்தில் குடையை வலது கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, படுக்கையில் கிடந்த பலூனை எடுத்து மோந்தார்.

"இது கொழுந்தா, மாட்டுத் தீனியா?" என்றார், மூக்கில் தண்ணீர் ஒழுக.

ஆயம்மாள் அவரையே பார்த்தாள். பலூனைப் பார்த்தாள். உதடு கோணியது.

"கொடை அந்தப் பக்கமில்லீங்க. எடது கக்கமுங்க."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில், பிறகு தொண்டையில், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு இருமலாகப் புரண்டு சளி கிளம்பியது. நர்ஸ் சளி பிடிக்கக் கிண்ணத்தோடு ஓடிவந்தாள். தான் நிறுத்தினால் ஆயம்மாள் மூச்சும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் சுடலைமணி குடையை இடது கக்கத்துக்கு மாற்றி, செருமிச் செருமி நடந்துகொண்டே இருந்தார். குடையோடு கட்டிலுக்கு வெகு அருகே போனார். அவள் சிரிப்பு அடங்கவில்லை.