மூலையில் நின்ற மைக்ராஸ்கோப்பும் மச்சானின் உளியும்

அந்தப் பொதுப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: எந்த மூலை ஆறு மாதம் உருப்படியான வேலை எதுவும் நடக்காமல் கிடக்கிறதோ, அது கேட்பவருக்குப் போய்விடும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் மூலைக்கு ஞாயிற்றுக்கிழமையோடு கெடு முடிகிறது. கேட்டு நிற்பவரோ மெக்கானிக் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தச்சர். புதிதாக வாங்கிய இழைப்பு மிஷினை வைக்க அவருக்கு இடம் வேண்டும்.

மூலையில் நின்றது ஒரு கிழட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். ஏதோ கல்லூரி தலைமுழுகிய சரக்கு. பீரோ உயரத்துக்கு ஒரு குழாய், பக்கத்து மேஜையில் ஒரு பட்டாளம் பொத்தான்கள், ஒரு சின்னத் திரை. வெளிச்சத்துக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சித் தூசியையும் மலையாகக் காட்டும் என்பார் மெக்கானிக். இதுவரை அது காட்டியதெல்லாம் இருட்டைத்தான். உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தால்தான் எலக்ட்ரான் ஒழுங்காக ஓடும். எங்கேயோ காற்று கசிந்தது. பம்ப் வேலை நமக்குத் தெரியாததா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கியவர், உள்ளே மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அளவுமானியின் இறங்காத முள்ளைப் பார்த்துப் பார்த்தே பாதி இளைத்துவிட்டார்.

"எல்லாம் உங்க மரத்தூள்தான் மச்சான்."

"ஏன் மாப்ள, உன் மிஷின் தும்மினாக்கூட என் மரத்தூள்தானா?"

மெக்கானிக் அசரவில்லை. கையுறை இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்றார். ஜன்னலோரம் துணி தைக்கும் மனைவிகூட முகமூடி மாட்டாமல் கிட்டே வர முடியாது. தலைக்குத் தொப்பி மட்டும் அவர் போடவில்லை. ஐம்பது வயதிலும் அடர்த்தியாக நிற்கும் முடி. அதை மூடி வைப்பானேன்? அதுவும் வழுக்கை மச்சானின் கண்ணெதிரே!

சனிக்கிழமை, குழாயின் ஒவ்வொரு இணைப்பின் மேலும் பிரஷ்ஷால் ஸ்பிரிட்டைத் தடவிக்கொண்டே வந்தார். கசியும் இடத்தில் தடவினால் முள் துள்ளும். பார்க்க வேண்டிய பொருளை உள்ளே வைக்கும் கதவருகே அது துள்ளியது. திறந்தார். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தின் குறுக்கே சாவகாசமாகப் படுத்திருந்தது ஒரு முடி.

"பாத்தீங்களா! சுத்தம்னா என்னன்னே தெரியாத ஆளு யாரோ..." என்று திரும்பியவர், மச்சானின் பளபளக்கும் தலையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

மனைவி வந்து முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "அடி வெள்ளை, நுனி கறுப்பு. போன மாசம் நான் பூசிவிட்ட சாயம்ங்க இது."

தச்சர் சிரித்த சிரிப்பில் அலமாரியிலிருந்து ஓர் ஆணி டப்பா விழுந்தது.

வளையத்தைத் துடைத்து, கதவை மூடி, பம்ப்பை ஓட்டினார்கள். முள் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இறங்கி உட்கார்ந்தது. மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பிரிட் நெடி என்று சமாளித்தார்.

"சரி, இதைக் காட்டு பாப்போம்," என்று தச்சர் தன் சின்ன உளியை நீட்டினார். "இதாலயே தாடி வழிச்சிருக்கேன், தெரியும்ல?"

"பிடியைக் கழட்டுங்க மச்சான். மரம் உள்ள போனா, அதுல இருக்கிற காத்தை நாள் கணக்கா மூச்சு மாதிரி விட்டுக்கிட்டே கிடக்கும்."

சொந்தப் பல்லைப் பிடுங்குகிற முகத்தோடு தச்சர் பிடியைக் கழற்றினார். படம் கோடு கோடாக மேலிருந்து இறங்கத் தொடங்கியது; ஆனால் நெளிந்தது.

"தையலை நிறுத்தும்மா, அதிருது!" என்றார் மெக்கானிக்.

மனைவி தையல் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். நெளிவு நின்றது. திரையில், நாய் கடித்துப் போட்ட செருப்பின் ஓரம் போல ஒன்று தெரிந்தது.

"இது என்ன?"

"உங்க உளியோட கூர்."

"பொய் சொல்லுது உன் மிஷின்," என்றார் தச்சர். குரலில் பலமில்லை.

ஆறு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் மெக்கானிக்குக் கிடைக்காது. வாயையும் திறந்தார். மச்சானின் முகத்தைப் பார்த்ததும் வந்தது வேறு: "இவ்வளவு கிட்டத்துல வச்சுப் பாத்தா யாரு மச்சான் அழகு? என் முடியை உள்ள போட்டிருந்தா இன்னும் கேவலமா இருந்திருக்கும்."

தச்சர் உளியை வாங்கிக்கொண்டு போனார். அன்று பொழுது சாயும்வரை தீட்டுக்கல்லின் சத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். "அந்த மூலை இப்பவும் வேணுமா?" என்று வெல்டர் கேட்டார். மெக்கானிக் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"வேணும்," என்றார் தச்சர். "அதுல இந்த மிஷின்தான் நிக்கணும். என் இழைப்பு மிஷின் வாசல்ல கிடந்துட்டுப் போகட்டும்." பிடியில்லாத உளியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "இப்பக் காட்டச் சொல்லு, பாப்போம். எல்லாரும் மோட்டாரை நிறுத்துங்கப்பா! வெல்டிங்கையும்தான்!"

மெக்கானிக் துள்ளிக் குதித்து மைக்ராஸ்கோப்பின் கதவில் கை வைத்தார்.

"நில்லுங்க!" "நில்லு!" அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் அலறினார்கள்.

மனைவி வெட்டுத் துண்டுகளிலிருந்து பூப்போட்ட துணி ஒன்றை உருவி, கணவர் தலையில் காதோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"ம்... இப்பத் திறங்க."