புகையில் தொங்கிய பாதி விதை

அன்னக்கொடி புருஷனோடு பேச்சை நிறுத்தி இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. சோறு போடுவாள், வெந்நீர் வைப்பாள், வாயைத்தான் திறக்க மாட்டாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "உர மூடை வந்து எறங்கிக் கெடக்காம்" என்று அவள் அடுப்பிடம் சொன்னால், செல்லப்பாண்டி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். கூக்கால் ஊரே இந்தக் கூத்தைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தது.

இத்தனைக்கும் காரணம் கொஞ்சூண்டு விதை. ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுகூடத் தேறாது.

அவர்கள் பூண்டுத் தோட்டத்துக்கு மேலே ஒரு புல்சரிவு இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் அதில் ஊதாப்பூ பூக்கும். யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. ஒரே வருஷத்துச் செடி அது. மழைக்கு முளைத்து, பூத்து, தையில் காய்ந்து செத்துப்போகும். கோடை முழுக்க மண்ணில் விதை மட்டும்தான் உயிரோடு கிடக்கும். அந்தப் பூ என்றால் அன்னக்கொடிக்கு உயிர். அது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்து, போன ஐப்பசியில் மொத்தமே பதினோரு செடி நின்றது. இதையும் விட்டால் சரிவில் இனிப் பூவே கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காய் வெடிக்கும்வரை காத்திருந்து, வெள்ளைத் துணியை விரித்துத் தட்டித் தட்டி எடுத்தாள்.

பாதியை எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டினாள். மீதியைத் துணியில் முடிந்து ஜன்னலோரம் வைத்தாள். அங்கேதான் வந்தது வினை. ஜன்னலில் கிடந்தால் எலி தின்றுவிடுமே என்று செல்லப்பாண்டி அந்த முடிச்சை எடுத்து, விதைப்பூண்டுக் கொத்துகளோடு அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டார். அந்த ஊரில் விதையென்றால் புகையில்தான் தொங்கும்; பூச்சி அண்டாது. மனுஷன் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

வைகாசியில் மழை விழுந்ததும் அன்னக்கொடி முடிச்சைத் தேடினாள். கரி பிடித்து, புகை நாற்றத்தோடு கையில் வந்தது.

"பூண்டும் இதும் ஒண்ணாங்க? மூணு மாசமா போட்டு வறுத்து வச்சிருக்கீங்களே!"

அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது.

ஆனாலும் தூக்கி எறிய மனம் வரவில்லை. அன்றைக்கே சரிவில் மேலும் கீழுமாக இரண்டு பாத்தி கொத்தினாள். டப்பா விதையை மணலில் கலந்து மேல்பாத்தியில் தூவினாள். பொடி விதை, மண்ணைப் போட்டு மூடினால் மூச்சுமுட்டிப் போகும் என்று சும்மா கையால் அழுத்தியதோடு விட்டாள். புகை விதையைக் கீழ்ப்பாத்தியில் போட்டாள், கடனே என்று.

இருபத்திரண்டாம் நாள் வெள்ளனே ஏறிப்போனாள். மேல்பாத்தி மொட்டையாகக் கிடந்தது. ஒரு பச்சை இல்லை. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். கொஞ்சநேரம் கழித்துத்தான் காலடியில் பார்த்தாள். கீழ்ப்பாத்தி முழுக்கக் குண்டூசித் தலையாகப் பச்சை. களையாக இருக்கும் என்று குனிந்து, கொஞ்சம் வளர்ந்திருந்த ஒன்றை நகத்தால் தடவினாள். தண்டு நாலு பட்டையாக நெருடியது. ஊதாப்பூச் செடிக்கு மட்டும்தான் அந்தத் தண்டு.

புல்லறுக்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுத்தாய், எது புகை விதை என்று கேட்டுக்கொண்டு இரண்டு பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். "முன்னெல்லாம் பங்குனில இந்தப் புல்லுக்குத் தீ வைப்பாகள்ல? ஃபாரஸ்ட்காரங்க வேணாம்னு நிப்பாட்டுன பொறவுதான் பூவும் கொறஞ்சிச்சு. பொக பட்டாத்தான் இதுக்கு முழிப்பு வரும்போல."

அன்னக்கொடி கீழே பார்த்தாள். செல்லப்பாண்டி பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, செத்த மேல வாங்க."

அவர் நிமிர்ந்து தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தாங்க."

மூச்சிரைக்க ஏறிவந்தவர், அவள் காட்டிய புகை விதைப் பாத்தியருகே குத்தவைத்தார். ஜெயித்த முகமே இல்லை. "ஒரு பூவுக்கா புள்ள இம்புட்டுக் கோவம்?" என்றார்.

"கல்யாணமாகி வந்த வருசம், இந்தக் குளிரு தாங்காம பொறந்த ஊரு கன்னிவாடிக்கே போயிரலாம்னு பெட்டியக் கட்டிட்டேங்க. பஸ்ஸுக்குப் போற வழியில மூட்டம் வெலகி, இந்தச் சரிவு பூராம் ஊதாவாக் கெடந்துச்சு. பாத்துக்கிட்டே நின்னேன். பஸ்ஸு போயிருச்சு."

பதினேழு வருஷத்தில் அவர் இதைக் கேட்டதில்லை.

"பூக்காம இருந்திருந்தா?"

"போயிருப்பேன்."

செல்லப்பாண்டி எழுந்தார். மேல்பாத்தியை ஒருமுறை சுற்றி நடந்தார். "சட்டியில கங்கு அள்ளிட்டு வாரேன்" என்றார். "இதுக்கும் பொகமூட்டம் போட்டுப் பாப்போம்."

அவர் சரிவில் ஓடாத குறையாக இறங்கினார்.

"வெரசா வாங்க" என்றாள் அன்னக்கொடி.